வாசல் பார்க்கும் திசை: கருவி சொல்வதும் நாம் சொல்லிக்கொள்வதும்

உங்கள் வீடு எந்தத் திசையைப் பார்க்கிறது? கேட்ட உடனே பலர் திறன்பேசியை எடுத்துத் திசைகாட்டிச் செயலியைத் திறப்பீர்கள். முள் சிறிது ஆடி நிற்கும். "172 டிகிரி, தெற்கு" என்று பதில் வந்துவிடும். ஐந்து விநாடி வேலைதான். ஆனால் அந்த எண்ணை வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லுமுன், நீங்களே உங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. எங்கே நின்று அளந்தீர்கள்? வீட்டின் எந்தப் பக்கத்தை அதன் முகம் என்று எடுத்துக்கொண்டீர்கள்? அந்த எண் எத்தனை டிகிரி வரை தவறாக இருக்கக்கூடும்? இவற்றுக்கு விடை இல்லாவிட்டால் அந்த 172 வெறும் எண்தான்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேச வேண்டும்? வீடு வாங்குவதுதான் பெரும்பாலான குடும்பங்கள் வாழ்நாளில் செய்யும் மிகப் பெரிய செலவு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வீடு பார்க்கும்போது ஃபெங் சுயி பார்ப்பவர்கள் நிறைய. நம் சமூகத்தில் வாஸ்து பார்ப்பவர்களும் நிறைய. வாசல் "சரியான" திசையில் இல்லை என்பதற்காக நல்ல வீட்டை வேண்டாம் என்பவர்கள் உண்டு. கதவை இடம் மாற்றவும் சுவரை இடிக்கவும் ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்களும் உண்டு. அந்த முடிவுகளின் அடியில் இருப்பது ஒரு கோணம். இன்று பல வீடுகளில் அந்தக் கோணத்தை வாசித்துச் சொல்வது, கையில் திறன்பேசி வைத்திருக்கும் நீங்கள்தான்.

திசையை அளப்பது நல்ல அறிவியல். அதை ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அளவு சொல்லாத ஒன்றை அளவின் பெயரால் யாராவது சொன்னால், அந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேளுங்கள். இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது இதுதான்.

எது வீட்டின் முகம்?

ஃபெங் சுயியில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் இரண்டு பக்கங்கள் சொல்வார்கள். ஒன்று, அது முதுகு சாய்த்து "உட்காரும்" பக்கம். மற்றொன்று, அது முகம் கொடுத்துப் "பார்க்கும்" பக்கம். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். பழைய சீன முற்றத்து வீட்டில் இதில் குழப்பமே இல்லை. மற்ற மூன்று புறமும் சுவர், முன்புறம் திறந்திருக்கும், பெரிய கதவும் வெளிச்சமும் பாதையும் ஒரே பக்கம். அந்தப் பக்கம்தான் முகம்.

இப்போது ஒரு பழைய வீவக அடுக்குமாடியை நினைத்துப் பாருங்கள். நீண்ட புளோக். வீட்டுக் கதவு பொது நடைபாதையைப் பார்த்துத் திறக்கிறது. சன்னல்கள் எதிர்ப்புறம். இந்த வீட்டின் முகம் எது? ஃபெங் சுயி பார்ப்பவர்களிடையே இதற்கு ஒரே பதில் கிடையாது. ஆட்கள் நுழையும் வாசல்தான் முகம் என்று ஒரு சாரார் சொல்வார்கள். வெளிச்சமும் காற்றும் அதிகம் வரும் பக்கம், அதாவது பெரிய சன்னல் அல்லது மாடம் உள்ள பக்கம்தான் முகம் என்று மற்றொரு சாரார் சொல்வார்கள். தனி வீட்டைப் பார்க்கவே கூடாது, முழுப் புளோக்கின் முன்பக்கத்தைத்தான் எடுக்க வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள்.

நாம் சொன்ன வீட்டில் வாசலை முகம் என்றால் விடை வடக்கு. சன்னலை முகம் என்றால் விடை தெற்கு. வேறுபாடு 180 டிகிரி. இதற்கு மேல் ஒரு கோணம் தவற முடியாது! அதுவும் கருவியில் எந்தப் பிழையும் இல்லாமலேயே இது நடக்கிறது. பிழை அளவீட்டில் இல்லை, வரையறையில் இருக்கிறது.

அறிவியல் பாடத்தில் ஊசலின் நீளத்தை அளக்கும்போது ஆசிரியர் என்ன சொல்வார்? நூல் கட்டிய இடத்திலிருந்து குண்டின் நடு வரை அளக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுவார். ஒருவர் குண்டின் மேல்முனை வரையும், இன்னொருவர் அடிமுனை வரையும் அளந்தால் விடைகள் ஒத்துப்போகாது. வரையறை முதலில், அளவீடு பிறகு. விடை பிடிக்கவில்லை என்பதற்காக வரையறையை நடுவில் மாற்றுவது அறிவியலில் செல்லாது.

24 பிரிவுகளும் ஒரு முள்ளும்

ஃபெங் சுயி வல்லுநர் பயன்படுத்தும் திசைகாட்டிக்கு லுவோபான் என்று பெயர். நடுவில் சிறிய காந்த முள். அதைச் சுற்றி வட்டம் வட்டமாக எழுத்துகள். அவற்றுள் முக்கியமானது 24 பிரிவுகள் கொண்ட வட்டம். இந்தப் பிரிவுகளை "மலைகள்" என்பார்கள். 360 டிகிரியை 24 ஆல் வகுத்தால் ஒரு மலைக்கு 15 டிகிரி. உதாரணமாக, நேர்த் தெற்கை நடுவில் வைத்த பிரிவு 172.5 டிகிரியில் தொடங்கி 187.5 டிகிரியில் முடிகிறது. 172 என்று காட்டிய உங்கள் திறன்பேசியை நினைவிருக்கிறதா? அரை டிகிரி கூடியிருந்தால் வேறு பிரிவு.

இந்தக் கருவியின் பின்னே உண்மையான அறிவியல் வரலாறு இருக்கிறது. அதை ஏளனம் செய்ய வேண்டாம். காந்த முள்ளைக் கடல் பயணத்துக்குப் பயன்படுத்துமுன்பே, நிலத்தின் திசை பார்க்கச் சீனர்கள் பயன்படுத்தினார்கள் என்பது வரலாற்று ஆய்வாளர்கள் பரவலாக ஏற்கும் கருத்து. 1088ஆம் ஆண்டையொட்டி ஷென் குவோ என்ற சீன அறிஞர் தம் நூலில் ஒரு நுட்பமான செய்தியை எழுதிவைத்தார். காந்த முள் நேர்த் தெற்கைக் காட்டுவதில்லை, சற்றுக் கிழக்கே விலகி நிற்கிறது என்பதே அது. இன்று நாம் இதைக் காந்த விலக்கம் என்கிறோம். பூமியின் காந்த வடக்கும், பூமி சுழலும் அச்சு காட்டும் மெய் வடக்கும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இடையிலுள்ள கோணம்தான் காந்த விலக்கம்.

லுவோபானில் அதே 24 பிரிவுகள் மூன்று முறை வருவதுண்டு. ஒரு வட்டம் நேராக இருக்கும். மற்ற இரண்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 7.5 டிகிரி திருப்பி வரையப்பட்டிருக்கும். வெவ்வேறு காலத்தில் இருந்த காந்த விலக்கத்தின் தடயங்களே இந்தத் திருப்பிய வட்டங்கள் என்று, சீன அறிவியல் வரலாற்றை எழுதிய ஜோசப் நீதம் கருதினார். அது சரியென்றால், அந்தக் கருவியே ஓர் அளவீட்டுக் குறிப்பேடு எனலாம்.

ஆனால் இந்த விலக்கம் காலத்துக்குக் காலம் மாறும். லண்டன் நகரை எடுத்துக்கொள்ளுங்கள். 1580ஆம் ஆண்டில் அங்கே காந்த முள் மெய் வடக்கிலிருந்து ஏறத்தாழ 11 டிகிரி கிழக்கே நின்றது. 1820ஆம் ஆண்டையொட்டி அதே ஊரில் ஏறத்தாழ 24 டிகிரி மேற்கே நின்றது. மொத்தம் 35 டிகிரி மாற்றம். அங்கே 1580இல் கட்டிய கல்வீடு ஒன்று அசையாமல் அப்படியே நின்றிருந்தால், காந்த முள்ளின் கணக்குப்படி அந்த வீடு இரண்டு "மலை"களைத் தாண்டித் திரும்பியிருக்கும். வீடு திரும்பவில்லை. வாசலில் விழுந்த வெயிலும் மாறவில்லை. பூமியின் உள்ளே, திரவ இரும்பு ஓடும் வெளிக்கருவில் நடந்த மாற்றம் அது. வீட்டில் வாழ்பவர்களின் அதிர்ஷ்டம் காந்தத் திசையைப் பொறுத்தது என்று சொல்பவர்கள் இதற்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூரில் இந்தத் தொல்லை நமக்கு இல்லை. இங்கே இப்போது காந்த விலக்கம் அரை டிகிரிக்கும் குறைவு. காந்த வடக்கையும் மெய் வடக்கையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளலாம். நம் தொல்லை வேறு. அது சுவருக்குள் இருக்கிறது.

கான்கிரீட்டுக்குள் இரும்பு

திறன்பேசியில் உண்மையான முள் கிடையாது. காந்தமானி என்ற சிறு உணரி மூன்று திசைகளிலும் காந்தப் புலத்தை அளந்து, அதிலிருந்து வடக்கைக் கணக்கிடுகிறது. சிங்கப்பூரில் பூமியின் காந்தப் புலம் ஏறத்தாழ 42 மைக்ரோடெஸ்லா. அது மிகவும் பலவீனமான புலம். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைக்கும் சிறு காந்தத்தின் மேற்பரப்பில் இதைப் போல் ஏறத்தாழ நூறு மடங்கு புலம் இருக்கும்.

நம் அடுக்குமாடி வீடுகளின் தூண்களிலும் தரையிலும் எஃகுக் கம்பிகள் பதிந்திருக்கின்றன. வாசலில் இரும்புக் கதவு. அருகில் மின்தூக்கி. திறன்பேசியின் உறையிலேயே காந்தம் இருக்கலாம். இவற்றால் பூமியின் புலத்துக்குக் குறுக்கே வெறும் 5 மைக்ரோடெஸ்லா சேர்ந்தாலும் திசைகாட்டி ஏறத்தாழ 7 டிகிரி விலகும். முக்கோணவியல் படித்தவர்கள் நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். இங்கே பூமியின் புலத்தில் கிடைமட்டப் பகுதி ஏறத்தாழ 41 மைக்ரோடெஸ்லா. குறுக்கே 5. எந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் 5 வகுத்தல் 41? விடை 7 டிகிரிக்கு மிக அருகில் வரும்.

இப்போது 15 டிகிரி பிரிவுக்குத் திரும்புவோம். உங்கள் அளவீட்டில் இருபுறமும் 5 டிகிரி வரை பிழை வரலாம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிரிவின் இடது எல்லையிலிருந்து 5 டிகிரிக்குள் இருக்கும் வீட்டின் அளவீடு பக்கத்துப் பிரிவில் விழக்கூடும். வலது எல்லையிலும் அப்படியே. நடுவிலுள்ள 5 டிகிரியில் இருக்கும் வீடுகளுக்கு மட்டுமே விடை உறுதி. அதாவது, வீடுகள் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவியிருந்தால், மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்கு அளவீடு தவறான பிரிவைக் காட்டும் வாய்ப்பு உண்டு. பிழை 7.5 டிகிரியானால் ஒரு வீட்டுக்கும் உறுதி இல்லை.

எல்லா எல்லைகளும் பலனை மாற்றுவதில்லை என்று ஃபெங் சுயி அறிந்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான். "பறக்கும் நட்சத்திரம்" எனப்படும் முறையில் அடுத்தடுத்த இரண்டு பிரிவுகளுக்கு ஒரே பலன் வருவதுண்டு. "எட்டு மாளிகை" முறையில் பிரிவு ஒவ்வொன்றும் 45 டிகிரி அகலம். ஆனால் எல்லை என்று ஒன்று இருக்கும்வரை, அதன் அருகில் இருக்கும் வீட்டுக்கு இந்தச் சிக்கல் இருக்கத்தான் செய்யும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். திறன்பேசியின் உறையைக் கழற்றிவிட்டு, காற்றில் எட்டு போட்டு உணரியைச் சரிசெய்யுங்கள். வாசலில் கதவை ஒட்டி நின்று ஓர் அளவு எடுங்கள். ஒரு மீட்டர் தள்ளி இன்னொன்று. இரண்டு மீட்டர் தள்ளி இன்னொன்று. பிறகு வீட்டின் நடுவில், சன்னல் அருகில், கீழ்த்தளத்தில், திறந்த வெளியில். திறன்பேசி ஒவ்வொரு முறையும் சுவருக்குச் செங்குத்தாக, ஒரே பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். எண்களை அட்டவணையாக எழுதுங்கள். மிகப் பெரிய எண்ணுக்கும் மிகச் சிறிய எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். "எங்கள் வீடு 172 டிகிரி" என்று சொல்ல உங்களுக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது என்பதை அந்த வேறுபாடு சொல்லிவிடும்.

முள் வேண்டாம், நிழல் போதும்

காந்தம் இல்லாமலேயே திசை காண முடியும். எளிய வழி வரைபடம். ஒன்மேப் போன்ற இணைய வரைபடத்தில் உங்கள் புளோக்கின் வெளிக்கோடு தெளிவாகத் தெரியும். மேல்புறம் வடக்கு. அந்தக் கோட்டின் மீது கோணமானியை வைத்து அளந்தால், கவனமாகச் செய்பவருக்கு ஒன்றிரண்டு டிகிரிக்குள் விடை கிடைக்கும். இரும்புக் கதவும் மின்தூக்கியும் இந்த அளவைக் கெடுக்க முடியாது.

இன்னும் அழகான வழி ஒன்று உண்டு. அது நம் முன்னோர்களுக்கும் சீனர்களின் முன்னோர்களுக்கும் பொதுவானது. சமதரையில் ஒரு கம்பை நேராக நட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம் வரைய வேண்டும். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி. பிற்பகலில் நிழல் மீண்டும் நீண்டு வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு. மயமதம் என்ற பழைய சிற்ப நூல் கட்டடத்துக்குத் திசை காண இந்த முறையைத்தான் விவரிக்கிறது. நம் மரபில் அந்தக் கம்பைச் சங்கு என்பார்கள். காவோ கோங் ஜி என்ற பழஞ்சீன நூலும் கம்பையும் வட்டத்தையும் நிழலையும் வைத்தே திசை காணச் சொல்கிறது.

இதை விடுமுறை நாளில் திறந்த வெளியில் செய்து பார்க்கலாம். ஒரு மீட்டர் கம்பு போதும். சூரியனை நேராகப் பார்க்காதீர்கள். நிழலை மட்டும் பாருங்கள். காலை 11 மணிக்கு நிழல் நுனியைக் குறித்து, அந்த நீளத்தை ஆரமாக வைத்து வட்டம் வரையுங்கள். பிற்பகல் 3 மணிவாக்கில் நிழல் மறுபடி வட்டத்தைத் தொடும். ஏன் 1 மணி இல்லை என்று கேட்கிறீர்களா? நம் கடிகாரம் 120 டிகிரி தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. சிங்கப்பூரோ 104 டிகிரிக்கு அருகில் இருக்கிறது. அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, ஏறத்தாழ 1 மணிக்கு. காலையும் பிற்பகலும் அந்த 1 மணியைச் சுற்றித்தான் சமமாக அமையும்.

"சூரியன் உதிக்கும் பக்கம் கிழக்கு" என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. மார்ச், செப்டம்பர் மாதங்களில் சம இரவு நாள்களையொட்டி மட்டுமே சூரியன் நேர்க் கிழக்கில் உதிக்கும். ஜூனில் அது ஏறத்தாழ 23 டிகிரி வடக்கே தள்ளி உதிக்கும். டிசம்பரில் அதே அளவு தெற்கே. உதயத்தை மட்டும் பார்த்துத் திசை குறித்தால் ஒன்றரை "மலை" தவறிவிடலாம்.

ஏன் தெற்கு நல்லது என்றார்கள்?

சீன மரபில் தெற்கு பார்த்த வீட்டுக்குப் பெரிய மதிப்பு உண்டு. அதற்கு நல்ல காரணமும் உண்டு. பெய்ஜிங் நகரம் வடக்கே 40 டிகிரியில் இருக்கிறது. அங்கே டிசம்பர் மாதக் கடுங்குளிரில் நண்பகல் சூரியன் தெற்கு வானில் 27 டிகிரி உயரத்தைக்கூடத் தொடாது. தெற்குச் சன்னல் வழியே அந்த இளவெயில் அறையின் உள்வரை வந்து சூடேற்றும். வடக்கே கெட்டியான சுவர் இருந்தால் குளிர்காற்று நுழையாது. கோடையில் சூரியன் உச்சிக்கு அருகில் ஏறிவிடுவதால், கூரை விளிம்பே சன்னலுக்கு நிழல் தரும். அனுபவத்தில் கண்டறிந்த நல்ல கட்டடக்கலை அது.

ஆனால் சிங்கப்பூர் வடக்கே 1 டிகிரியைச் சற்றுத் தாண்டிய இடத்தில் இருக்கிறது. இங்கே நண்பகல் சூரியன் ஆண்டின் ஒரு பாதியில் வடக்குப் பக்கமும் மறு பாதியில் தெற்குப் பக்கமும் நிற்கும். எந்த மாதத்திலும் அதன் உயரம் 65 டிகிரிக்குக் குறையாது. இங்கே தெற்குக்கு வடக்கை விட எந்தத் தனிச் சிறப்பும் இல்லை. குளிர்காற்றும் இல்லை. பெய்ஜிங்கில் வீட்டைக் கதகதப்பாக்கிய விதி, இங்கே காரணத்தை இழந்து வெறும் விதியாக நிற்கிறது.

நம்மவர்களிடம் வாருங்கள். வாஸ்து பார்க்கும் குடும்பங்கள் பலவற்றில் கிழக்கு அல்லது வடக்கு பார்த்த வாசல் விருப்பம். தெற்கு பார்த்த வாசல் என்றால் தயக்கம். ஒரே நடைபாதையில் ஒரே பக்கம் பார்த்த இரண்டு வீடுகளை எண்ணிப் பாருங்கள். ஒன்றில் சீனக் குடும்பம், பக்கத்தில் தமிழ்க் குடும்பம். இரண்டு வாசலும் நேர்த் தெற்கு. ஒரு வீட்டுப் பாட்டி "நல்ல திசை" என்கிறார். பக்கத்து வீட்டுப் பாட்டி "ஆகாத திசை" என்கிறார். இருவர் கையிலும் ஒரே கருவியைக் கொடுத்தால் ஒரே எண்ணைத்தான் காட்டும். அப்படியானால் "நல்லது", "ஆகாது" என்பது எங்கிருந்து வந்தது? கருவியிலிருந்து வரவில்லை. எண்ணிலிருந்தும் வரவில்லை. மரபிலிருந்து வந்தது. மரபை மதிக்கலாம். ஆனால் அதற்குக் கருவியின் சான்றிதழ் கிடையாது.

ஒரே அடுக்கில் நாற்பது வீடுகள்

உயரமான புளோக்கில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய வீடுகளைப் பாருங்கள். நாற்பது மாடி என்றால் ஏறத்தாழ நாற்பது வீடுகள். ஒரே வரைபடம், ஒரே கோணம். அந்த நாற்பது குடும்பங்களின் உடல்நலமும் வருமானமும் தேர்வு மதிப்பெண்களும் ஒன்றாகவா இருக்கின்றன?

இதற்கு ஃபெங் சுயி தரப்பின் பதிலையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். திசை மட்டும் போதாது, குடும்பத் தலைவர் பிறந்த ஆண்டையும் பார்க்க வேண்டும் என்பார்கள். கட்டடம் எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்றும் பார்ப்பார்கள். பறக்கும் நட்சத்திர முறையில் ஒரு காலம் 20 ஆண்டு. ஒன்பதாம் காலம் 2024இல் தொடங்கியது. சுற்றியுள்ள சாலையும் நீரும் கட்டடமும் கணக்கில் வரும். சரி. ஆனால் இத்தனை திருகுகளைத் திருப்ப வழியிருந்தால், நடந்த எதற்கும் பிறகு காரணம் சொல்லிவிட முடியும். நன்றாக நடந்தால் திசை. இல்லாவிட்டால் பிறந்த ஆண்டு, காலம், எதிரே உள்ள சாலை. எந்த விளைவு வந்தாலும் பொருந்திவிடும் கூற்றைச் சோதிக்க வழியில்லை. எந்த விளைவு வந்தால் தன் கூற்று தவறு என்று ஒப்புக்கொள்ளும் என்பதை முன்கூட்டியே சொல்வதுதான் அறிவியலின் அடையாளம் என்று தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் வலியுறுத்தினார்.

சோதிக்க வேண்டுமென்றால் வழி கடினமில்லை. இரண்டு வல்லுநர்களைத் தனித்தனியே ஒரே வீட்டுக்கு அழைத்து, ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாமல் எழுதி வாங்க வேண்டும். முதலில் கோணம் ஒத்துப்போகிறதா, பிறகு முகம் எது என்பது ஒத்துப்போகிறதா, கடைசியில் பலன் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் இரண்டிலேயே வேறுபாடு வந்தால் மூன்றாவதைப் பேசவே வேண்டியதில்லை.

திசை முக்கியமே, வேறு காரணத்துக்காக

வீட்டின் திசையே பொருட்டல்ல என்று நான் சொல்லவில்லை. அது மிகவும் பொருட்டு. மேற்குச் சன்னல் உள்ள அறையில் படிப்பவர்களுக்கு மாலை நேரத்தில் அது நன்றாகத் தெரியும். மாலை 5 மணிக்குச் சூரியன் ஏறத்தாழ 30 டிகிரி உயரத்தில் இருக்கும். சன்னலுக்கு மேல் ஒரு மீட்டர் நீளும் விளிம்பு, நேராக வரும் அந்த வெயிலிலிருந்து 60 சென்டிமீட்டருக்கும் குறைவான உயரத்தையே மறைக்கும். அதே விளிம்பு தெற்குச் சன்னலில் இருந்தால், டிசம்பர் நண்பகலில் 2 மீட்டருக்கும் மேல் நிழல் தரும். வீவக வீடுகளைப் பெரும்பாலும் வடக்கு தெற்காக அமைக்க முயல்வதற்கு இதுவே முக்கியக் காரணம். வடகிழக்குப் பருவக்காற்று வடக்கு, வடகிழக்கிலிருந்து வீசுகிறது. தென்மேற்குப் பருவக்காலத்தில் காற்று தெற்குப் பக்கங்களிலிருந்து வருகிறது. வடக்கு தெற்காகத் திறந்த வீட்டுக்குக் காற்றும் கிடைக்கும், மாலை வெயிலும் குறையும். குளிர்சாதனக் கட்டணமும் குறையும்.

இந்தக் கணக்குக்கு 15 டிகிரி எல்லை இல்லை. 172 ஆனாலும் 173 ஆனாலும் வெயில் ஏறத்தாழ ஒன்றுதான். கோணம் கொஞ்சம் மாறினால் விளைவும் கொஞ்சம்தான் மாறும். இயற்கை பெரும்பாலும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. அரை டிகிரியில் செல்வம் வறுமையாக மாறுவதாக யாராவது சொன்னால், அதற்கு மிக வலுவான ஆதாரத்தை நாம் கேட்க வேண்டும்.

ஆகவே, வீடு பார்க்கும் பேச்சு உங்கள் வீட்டில் வரும்போது ஒதுங்கி நிற்காதீர்கள். பாட்டியிடமோ தாத்தாவிடமோ வாதாடி அவர்கள் மனத்தைப் புண்படுத்தவும் வேண்டாம். நம்பிக்கையில் அவர்களுக்கு ஆறுதல் இருக்கலாம். அதைப் பறிப்பது உங்கள் வேலை அல்ல. ஆனால் பெரும் பணம் செலவாகப்போகிறது என்றால் மூன்று கேள்விகளை மரியாதையாகக் கேளுங்கள். வீட்டின் முகம் எது என்று அளப்பதற்கு முன்பே முடிவு செய்தோமா? அளவில் எத்தனை டிகிரி பிழை இருக்கலாம்? அந்தக் கோணம் நாம் சொல்லும் விளைவைத் தரும் என்பதற்கு, வெயில், காற்று போல, யாரும் சோதித்துப் பார்க்கக்கூடிய காரணம் இருக்கிறதா?

பிறகு உங்கள் பங்குக்கு அளந்து சொல்லுங்கள். "வரைபடத்தில் அளந்தேன். சன்னல் பக்கம் 172 டிகிரி, இரண்டு டிகிரி கூடவோ குறையவோ இருக்கலாம். மாலை வெயில் நேராக அடிக்காது. காற்று வரும்." குடும்பம் முடிவெடுக்க இவ்வளவு தகவல் போதும். இதில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் நீங்கள் பொறுப்பேற்க முடியும்.